இந்த வண்டியில் ஏறாத சொல்

அந்த ஃபாரத்தையெல்லாம் முதலில் பைக்குள் வையுங்கள் சார். கண்டக்டர் பாய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாரென்றால் இறங்கச் சொல்லிவிடுவார். நானாவது மரியாதையாகச் சொல்கிறேன்.

அங்கே உட்காராதீர்கள், இன்ஜின் சூடு. இப்படி வாருங்கள். வண்டி எடுக்க இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. சின்ன முதலாளி போனில் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து விளம்பரக் கம்பெனிக்காரர் வருவார், 'இன்றைய முகம்' திட்டத்தை மறுபடி ஆரம்பிக்கிறோம், ஒத்துழை என்று. ஒத்துழைக்கிறேன். இந்தத் தடவை கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போட்டோ எடுப்பீர்கள், பேர், ஸ்டாப், போன் நம்பர் எல்லாம் பயணிகளே எழுதித் தருவார்கள், அதனால் ஒரு பிரச்சினையும் வராது. அதானே? படித்தவர்கள் யோசித்துத்தான் செய்வீர்கள். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். நிறுத்தவில்லை, நானே நின்றேன். அது வேறு கதை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். திட்டம் நன்றாக ஓடியதா என்று கேட்டீர்கள். ரொம்ப நன்றாக ஓடியது. அதுதான் பிரச்சினையே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் திருப்பூர் - காங்கேயம் ரூட்டில் எங்கள் 'செங்கதிர்' காற்று வாங்கிக்கொண்டு ஓடியது. முன்னால் ஒரு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எங்கள் வண்டியில் காசு. யார் ஏறுவார்கள்? சின்ன முதலாளி அப்போதுதான் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தார். ஆட்களை உபசரித்தே ஏற்றிக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் சவால் விட்டு என்னை வேலைக்கு எடுத்தார். பயணத் தோழி. பேட்ஜ் இருக்கிறது பாருங்கள், பயணத் தோழி மோனிஷா. மூன்று நாள் ஒரு ஓட்டல் மாடியில் உட்கார வைத்து எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மேல் பல் ஆறு தெரிய வேண்டுமாம். எனக்கு அது வரவேயில்லை. முதல் நாள் மைக்கைப் பிடித்து உள்ளதைச் சொன்னேன். "மூணாவது சீட்டு செக் சட்டை அண்ணா, காலை உள்ள வையுங்க, போறவங்க வர்றவங்க எல்லாம் உங்க காலத் தாண்டித்தான் போவோணுமா?" வண்டியே சிரித்தது. செக் சட்டைக்காரரும் சிரித்தார். மறுநாள் அவரே தன் பனியன் கம்பெனி ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அப்புறம் ஒன்றொன்றாகச் சேர்ந்தது. பிறந்தநாள் என்றால் வண்டி முழுக்க சாக்லேட். பரீட்சை நாளில் பிள்ளைகளுக்குப் பேனா. மழை வந்தால் பன்னிரண்டு குடை, நம்பர் போட்டது, எடுத்துப் போய் மறுநாள் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டியதுதான். ஒரு குடைகூடத் தொலையாது என்று நான் பந்தயம் கட்டினேன், பாய் ஒரு வாரத்தில் பன்னிரண்டும் போய்விடும் என்றார். நான்தான் ஜெயித்தேன். அயர்ன் மாஸ்டர் ஒருத்தர், ஐம்பது வயசிருக்கும், தனக்குப் பிறந்தநாள் எதுவென்றே தெரியாது என்றார். "சரி, அப்ப இன்னிக்குன்னு வெச்சுக்கலாம்" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் இறங்கும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதெல்லாம் நிஜம் சார். விளம்பரத்துக்குச் சொல்லவில்லை. கம்பெனியில் பத்து மணி நேரம் நின்று களைத்து வருகிற சனம் இந்த வண்டியில் ஏறினால் முகம் மாறும். நான் பார்த்திருக்கிறேன்.

டிரைவருக்குப் பின்னால் அந்தத் தடுப்பில் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறதே, கிழித்த தடம், அங்கே ஒரு ஸ்டிக்கர் இருந்தது. சின்ன முதலாளி ஐடியா. 'தெரியாது: இந்தச் சொல் நம் வண்டியில் ஏறாது.' அதாவது பயணி என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்லக் கூடாது. தெரியவில்லையென்றால் கேட்டுச் சொல்ல வேண்டும். ஸ்கேன் சென்டர் எங்கே, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், நேற்று வந்த வளையல்காரி இன்றைக்கு வருவாளா, எதைக் கேட்டாலும். எனக்கு அந்த ரூல் ரொம்பப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு எது கேட்டாலும் தெரியாது. இங்கே எது கேட்டாலும் தெரியும்.

அதற்குப் பக்கத்தில்தான் 'இன்றைய முகம்' போர்டு. தினம் ஒரு பயணியின் போட்டோ, பேர், ஸ்டாப், ஏறுகிற நேரம், கீழே நான் எழுதுகிற ஒரு வரி. இங்கே ஒரு நாள் இருக்கும். செல்போனில் எங்கள் பக்கத்தில் அப்படியே இருக்கும்.

இப்போது அந்தக்கா.

பேர் உங்களுக்கு வேண்டாம். ஊருக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர் இல்லை அது, பேரைச் சொன்னால் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். ஸ்டாப் பேரும் வேண்டாம். எடைமேடை ஸ்டாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு ஸ்டாப் கிடையாது, தேடாதீர்கள். அந்தக்கா ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. சாயங்காலம் ஐந்து வயசுப் பெண் குழந்தையோடு ஏறும். தெற்கத்திப் பேச்சு. போன் வைத்துக்கொள்ளாது. என்ன வேடிக்கை காட்டினாலும் சிரிக்காது. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. வண்டியே சிரிக்கிறது, இது ஒன்று மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? குழந்தை அப்படி இல்லை. தூரத்தில் வண்டியைப் பார்த்ததுமே எனக்குக் கை காட்டும்.

ஒரு நாள் அந்தக்கா ஏறிக் கம்பியைப் பிடிப்பதற்குள், "அக்கா, இங்க பாருங்க" என்று போனை நீட்டி எடுத்துவிட்டேன். நல்ல போட்டோ. வெயில் பக்கவாட்டில் விழுகிறது, அந்தக்கா முகம் கொஞ்சம் திரும்பி, ஒரு கை மேலே தூக்கி, விரலெல்லாம் விரிந்து. கை காட்டுகிற மாதிரி. உதடு கொஞ்சம் திறந்திருந்தது, அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். 'எடைமேடையின் 6.10 நாயகி நமக்குக் கை காட்டுகிறார்' என்று எழுதிப் போட்டேன். இன்றைய முகத்திலேயே அதற்குத்தான் அதிக லைக். சின்ன முதலாளி போன் பண்ணி, "இதுதான் மோனிஷா நிஜமான மகிழ்ச்சி, நடிப்பில்லாதது" என்றார். நேரத்தைச் சொல்லிவிட்டேனா? அதையும் மறந்துவிடுங்கள்.

மறுநாள் அந்தக்கா ஏறியது, போர்டைப் பார்த்தது, நின்றுவிட்டது. பின்னால் ஏறுகிறவர்கள் தள்ளினார்கள்.

"இத எடுத்துரு பாப்பா."

"ஒரு நாளைக்குத்தானுங்க்கா, நாளைக்கு வேற போட்டோ வந்துரும்."

"வேற எங்கயும் போட்டிருக்கியா?"

"நம்ம பக்கத்துல இருக்குதுங்க்கா. நாலாயிரம் பேர் பார்த்துட்டாங்க. நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."

அந்தக்கா குழந்தையை இழுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன். சிரிக்காதீர்கள் சார், அப்படித்தான் நினைத்தேன். அன்றையிலிருந்து அந்தக்கா கடைசி சீட்டுக்குப் போய் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு உட்காரும். எனக்கு ரோஷம். இவ்வளவு பெரிய மரியாதை பண்ணியிருக்கிறோம், ஒரு தேங்க்ஸ் கிடையாது. நானும் பேசவில்லை. எட்டு நாள் பேசவில்லை.

எட்டாவது நாள், இதே பஸ் ஸ்டாண்டில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே சீட்டில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். நீலச் சட்டை, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். மடியில் பெரிய கரடிப் பொம்மை, கண்ணாடித் தாள் சுற்றினது. போனில் அந்தப் போட்டோவை எடுத்துக் காட்டினார்.

"பாப்பா, இந்த வண்டிதான?"

"ஆமாங்."

"எங்க வீட்டு ஆளு. சொல்லாம வந்துருக்கேன். பாத்ததும் அசந்துரணும்ல."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு போட்டோ போட்டோம், பிரிந்த குடும்பம் சேர்கிறது. மைக்கில் என்ன சொல்லலாம் என்று மனசுக்குள் எழுதவே ஆரம்பித்துவிட்டேன். அவர் கேட்டார், நான் சொன்னேன். ஸ்டாப் மட்டும்தான் சொன்னேன். இல்லை, ஸ்டாப்தான் போட்டோவுக்குக் கீழேயே இருந்ததே. எந்தக் கம்பெனி என்று சொன்னேன். சரி, குழந்தையும் கூட வரும் என்றும் சொன்னேன். எங்கே இறங்கும், இறங்கி எந்தச் சந்தில் திரும்பும் என்று கேட்டார். சந்து தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூடாதே. பாயிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை, அதனால் அது ஒன்றுதான் தப்பியது. தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்ல மாட்டேன் சார்.

வண்டி கிளம்பி நல்லூர் தாண்டியது. நான் அவரிடம் பெருமையாகச் சொன்னேன், "எப்பவும் சிரிக்காத அக்காங்க. எனக்குக் கை காட்டிச்சு பாருங்க, அதுதான் ஹைலைட்டே."

அவர் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். சிரித்தார்.

"கை காட்டலத்தா. அவ அப்படித்தான் நிப்பா. நான் எந்திரிச்சாலே அப்படித்தான் கையத் தூக்கிக்கிட்டு நிப்பா. பழக்கம்."

பொம்மையை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றி வைத்துக்கொண்டார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அந்தப் போட்டோவை முந்நூறு தடவை பார்த்திருப்பேன். இப்போது அவர் கையில் இருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. விரலெல்லாம் விரிந்து, உள்ளங்கை என் பக்கம், முகம் அந்தக் கைக்குப் பின்னால் போகப் பார்க்கிறது. உதட்டில் இருந்தது சிரிப்பே இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்திருக்கிறது.

எடைமேடைக்கு இன்னும் ஆறு ஸ்டாப். பன்னிரண்டு நிமிடம்.

"அவ ஏறுனதும் மைக்குல பேரச் சொல்லிராத. நானா பேசிக்கிறேன்," என்றார். மிரட்டவில்லை. ரொம்ப மரியாதை.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். டிரைவர் நாச்சிமுத்து அண்ணன் ஒரு முழம் தள்ளி இருக்கிறார், ஆனால் நான் அவரிடம் எது சொன்னாலும் இந்த ஆள் காதிலும் விழும். அந்தக்காவிடம் போன் கிடையாது. அந்தக்காவின் கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிற ரோசிலி அக்கா வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தது, அன்றைக்கு ஓவர்டைம் இல்லாததால் முன்னமே கிளம்பி, திருப்பூரில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அது உட்கார்ந்திருக்கிற சீட் வரைக்கும் எப்படிப் போவது? நான் காரணமில்லாமல் பின்னால் போக மாட்டேன், என் இடம் முன்னால்தான், இது அந்த ஆளுக்கும் பார்த்த பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அப்போது சாக்லேட் டப்பா கண்ணில் பட்டது.

மைக்கை ஆன் செய்தேன். "வணக்கமுங்க. இன்னிக்கு நம்ம ரோசிலி அக்காவுக்குப் பொறந்தநாளு. எல்லாரும் கை தட்டுங்க பாக்கலாம்."

எல்லோரும் தட்டினார்கள். அந்த ஆளும் பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். பின்னாலிருந்து பாய், "ஏம்மா, ரோசிலிக்கு டிசம்பர்ல..." என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேனோ, அவர் வாயை மூடிக்கொண்டார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகக் கடைசிக்குப் போனேன். ரோசிலி அக்கா கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு எத்தன தடவடி பொறந்தநாள் கொண்டாடுவ?"

குனிந்து சொன்னேன். "பொம்மை வெச்சிருக்கிற ஆளு அந்தக்காவோட வீட்டுக்காரன். போட்டோவப் பார்த்துட்டு வந்திருக்கான். அடிக்கிறவன்க்கா."

"தெரியும். அவ முதுகப் பாத்திருக்கேன்."

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்கடி கேட்ட? நீதான் பேசிட்டே இருப்பியே."

அது பாட்டுக்கு எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பாயி, நாலாவது ஸ்டாப்புல எறக்கி விடுங்க, பொறந்தநாளு, கோயிலுக்குப் போவோணும்" என்று சத்தமாகச் சொன்னது. ரோசிலி அக்கா சர்ச்சுக்குப் போகிற ஆள். யாரும் சிரிக்கவில்லை. எடைமேடைக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தால் அந்தக்காவிடம் போய்ச் சேரப் பத்து நிமிடம். வண்டி மூன்று நிமிடத்தில் போய்விடும். அதனால் வண்டி அங்கே நிற்கக் கூடாது. நின்றால் அந்தக்கா ஏறிவிடும், இல்லையென்றால் இவன் இறங்கிவிடுவான்.

நான் சீட் சீட்டாக வந்தேன். ஆளுக்கு ஒரு சாக்லேட், காதில் ஒரு வரி. "எடைமேடையில வண்டி நிக்காதுங். காங்கேயம் போற வரைக்கும் நிக்காது. காரணம் அப்புறம் சொல்றேன். முன்னாடி இருக்கறவருக்குத் தெரியக் கூடாது." செக் சட்டை அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு அம்மா, "என்ற வீட்டுக்காரர் ரோட்ல வண்டியோட நிப்பாரே கண்ணு" என்றது. "நிக்கட்டுங்க" என்றேன். காலேஜ் பையன் ஒருத்தன் ஏன் என்று கேட்கப் பார்த்தான், பக்கத்து ஆள் அவன் காலை மிதித்தார். நாற்பத்தொரு பேர் சார். ஒருத்தர்கூட என்னை ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வருஷம் அவர்களுக்குப் பேனாவும் குடையும் கொடுத்ததற்கு என்ன லாபம் என்று உங்கள் ஃபாரத்தில் ஒரு கேள்வி இருக்கிறதில்லையா, அதற்கு நேரே இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பாயிடம் சொன்னேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார், துடைத்தார், சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினார்.

கடைசியாக டிரைவர் அண்ணன். அவருக்குச் சாக்லேட் கொடுக்கும்போது அந்த ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் சொல்ல முடியாது. சாக்லேட் தாளைப் பிரித்து அவர் வாயருகே கொண்டுபோய், சாதாரணமாகச் சொல்கிற மாதிரி, "அண்ணா, ரோசிலி அக்காவ எறக்கி விடுங்க. அதுக்கப்புறம் பாய் விசில் அடிக்க மாட்டாரு" என்றேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் உள்கண்ணாடியில் வண்டி முழுக்கப் பார்த்தார். எல்லோரும் சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். "செரி" என்றார். அவ்வளவுதான்.

ரோசிலி அக்கா இறங்கியது. கதவு மூடியது. வண்டி எடுத்தது.

எடைமேடை வந்தது. அந்த ஆள் எழுந்து வாசலுக்கு வந்து நின்றார்.

ஸ்டாப்பில் ஏழெட்டுப் பேர். அந்தக்கா ஓரமாக நின்றது, முந்தின நாள் மழைக்கு எங்களிடம் எடுத்த ஏழாம் நம்பர் குடை கையில் மடித்தபடி. திருப்பித் தருவதற்குக் கொண்டுவந்திருக்கிறது. வண்டியைப் பார்த்ததும் கையைத் தூக்கியது. பஸ்ஸை நிறுத்த எல்லோரும் தூக்குகிற மாதிரிதான். விரலெல்லாம் விரிந்து. பக்கத்தில் குழந்தை, தினமும் போல எனக்குக் கை காட்டுகிறது.

நாங்கள் நிற்கவில்லை.

எவ்வளவு நேரம் இருக்கும், இரண்டு விநாடி. அந்தக்கா கண்ணாடி வழியாக வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டது. கை அப்படியே நின்றுபோனது. குடை கீழே விழுந்தது.

"ஏய், நிறுத்துய்யா. ஆளு நிக்குதுல்ல."

டிரைவர் அண்ணன் திரும்பவில்லை. "பிரேக்குல சிறு கோளாறுங்க. உக்காருங்க."

"கதவத் தொற. நான் எறங்கிக்கிறேன்."

"கதவும் கோளாறுங்க."

அந்த ஆள் வண்டிக்குள் திரும்பினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என் பொண்டாட்டி, என் பிள்ள. பாக்க விடமாட்டீகளா? நீங்கள்லாம் யாரு?" யாரோ ஒருத்தர் சாக்லேட் தாளைப் பிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த ஸ்டாப் போனது. அதற்கடுத்ததும் போனது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ரோட்டோரம் மொபெட்டில் நின்றார், அந்த அம்மா ஜன்னலில் கையை விட்டுப் பின்னாலேயே வரச் சொல்லிச் சைகை காட்டியது, அவர் காங்கேயம் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தி வந்தார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

ஏனென்றால் அந்த ஆள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இருபது நிமிடம். தொடவில்லை. பொம்மையின் கண்ணாடித் தாள் என் முழங்கையில் உரசிக்கொண்டே வந்தது. காதருகே குனிந்து, மெதுவாக, "நீதான பாப்பா சொன்ன. மூணு வருசமாத் தேடுறேன், ஒருத்தன் சொல்லல. நீ ஒருத்திதான் சொன்ன. உனக்கு நான் நன்றி சொல்லணும்" என்றார். மிரட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காங்கேயம் ஸ்டாண்டில் போலீஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் கொண்டுபோய்த்தான் அண்ணன் பிரேக் போட்டார். கோளாறெல்லாம் சரியாகிவிட்டது. நாற்பத்தொரு பேரும் கூடவே இறங்கினார்கள். பொண்டாட்டியைத் தேடி வந்தது ஒரு குற்றமா என்று அவர் கேட்டார். போலீஸ்காரர்கள் பேர், ஊர் எழுதிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அவர் மறுபடி வந்தார். அதற்கடுத்த நாளும். டிக்கெட் எடுக்கிற ஆளை ஏறாதே என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு சீட்டாக நின்று கேட்டார். அந்தப் பொம்பள எங்க இருக்கு? தெரியாதுங். எந்தச் சந்துல வீடு? தெரியாதுங். அயர்ன் மாஸ்டர், காலேஜ் பையன், பூக்கூடைக்காரம்மா, எல்லோரும் அந்த ஸ்டிக்கருக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு தெரியாது என்றார்கள். மூன்றாம் நாள் அவர் ஸ்டிக்கரைக் காட்டி என்னிடம் கேட்டார். "அப்ப இது எதுக்கு?" நான் எழுந்து நகத்தால் சுரண்டிக் கிழித்தேன். முழுசாக வரவில்லை. அதுதான் அந்தத் தடம். நாலாம் நாள் அவர் வரவில்லை.

சின்ன முதலாளி கூப்பிட்டுத் திட்டினார். ஸ்டாப்பில் ஏழு பேரை விட்டுவிட்டு வந்துவிட்டோம், அவர்கள் செல்போனில் எங்கள் பக்கத்துக்கு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார்களாம். வேலையை விட்டு நிறுத்தாததே பெரிசு என்றார். திட்டத்தையும் போட்டோவையும் எடுத்துவிட்டார்கள். நான் அவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் ரொம்ப நாள். அவர் ஐடியா, அவர் ரூல், அவர் ஸ்டிக்கர். போனை நீட்டினது என் கை. அதை எத்தனை நாள் அவர் கை என்று சொல்வது?

அந்தக்காவா? அன்றைக்கு ரோசிலி அக்கா போய்ச் சேரும்போது அந்தக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கம்பெனிக்கு வரவில்லை, வீட்டைக் காலி பண்ணிவிட்டது. குழந்தையைச் சேர்த்திருந்த பள்ளிக்கூடம் போச்சு. ரோசிலி அக்காவிடம் ஒரே ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியனுப்பியிருந்தது. "நான் கை காட்டலன்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிரு." அவ்வளவுதான். திட்டு இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

ஏழாம் நம்பர் கொக்கி காலியாக இருக்கிறது பாருங்கள். வேறு குடை வாங்கித் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

பாய் வருகிறார். பையை மூடுங்கள். உங்கள் ஃபாரம் நன்றாகத்தான் இருக்கிறது சார், நான் குறை சொல்லவில்லை. போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு அது போதும். கையை மட்டும் தூக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் எங்கே கட்டம் போட்டிருக்கிறீர்கள்? பிறந்தநாள் வையுங்கள், குடை வையுங்கள், பாட்டு வையுங்கள், நான் தொண்டை கிழிய மைக்கில் பேசுகிறேன். முகம் மட்டும் வேண்டாம். சின்ன முதலாளியிடம் நான் ஒத்துழைக்கவில்லை என்றே எழுதிவிடுங்கள்.

என்ன கேட்டீர்கள்? அந்தக்கா இப்போது எங்கே இருக்கிறதா?

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள். கார்டு காட்டினீர்கள், சின்ன முதலாளியும் போன் பண்ணினார், நீங்கள் விளம்பரக் கம்பெனிதான். அந்த ஆளும் கரடிப் பொம்மையோடுதான் வந்தார்.

தெரியாது.

ரோசிலி அக்காவுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. வண்டி எடுக்கப் போகிறார்கள் சார். இறங்குகிறீர்களா, டிக்கெட் எடுக்கிறீர்களா?